ஆலோசகருக்கு ஆய்வகம் எதற்கு?

மரபணுச் சோதனைகளின் முடிவைக் குடும்பங்களுக்கு விளக்கிச் சொல்லும் மரபணு ஆலோசகராக விரும்பி வரும் மாணவர்களுக்கு மனித மரபியலில் செய்முறை வகுப்பு எடுப்பது என் வேலை. பெரும்பாலோர் உயிர்த்தொழில்நுட்பத்திலோ விலங்கியலிலோ இளநிலைப் பட்டம் முடித்துவிட்டு வருகிறவர்கள். பிப்பெட் பிடிக்கவும் ஜெல் ஓட்டவும் ஏற்கெனவே தெரிந்தவர்கள். அவர்களில் யாராவது ஒருவர் தொடக்கத்திலேயே கேட்டுவிடுவார்: "நாங்கள் நாளைக்குக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசப் போகிறவர்கள். சோதனையைச் செய்யப் போகிறவர் ஆய்வக நுட்பர், அறிக்கையில் கையெழுத்துப் போடப் போகிறவர் வேறொருவர். எங்களுக்கு எதற்கு மேடம் இந்த இரத்த வளர்ப்பும் சாயமேற்றலும்?"

கேள்வி நியாயமானது. அதற்கு நான் தரும் விடை இதுதான்: குடும்பம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் அறிக்கையில் எழுதப்படாதவற்றைப் பற்றியே இருக்கும். இந்தச் சோதனை தப்பாக இருக்க வாய்ப்புண்டா, இன்னொரு முறை எடுத்தால் மாறுமா, அக்காவுக்கும் எடுக்க வேண்டுமா, இது இல்லை என்று வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா என்று கேட்பார்கள். அறிக்கையில் உள்ள முடிவு எந்த வழியாக வந்தது, வழியில் எங்கெல்லாம் பிசகக்கூடும், எதை அந்தச் சோதனையால் பார்க்கவே முடியாது என்பதெல்லாம் தெரியாமல் இவற்றுக்கு விடை சொல்ல முடியாது. படித்துத் தெரிந்துகொண்டால் போதாதா என்றால், போதாது என்பதே என் அனுபவம். தன் கண்ணாலேயே ஒரு சிலைடில் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதைப் பார்த்துத் திணறிய மாணவர், "இருபது செல்களைப் பார்த்தோம்" என்ற வரியை அறிக்கையில் படிக்கும்போது அதன் எடையை உணர்கிறார்.

ஆனால் நம் கல்லூரிகளில் மரபியல் செய்முறை என்ற பெயரில் நடப்பது வேறு. நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று ரெக்கார்டு நோட்டை நிரப்பி, வெங்காய வேர்நுனியையும் பழ ஈயையும் கடந்து, புறத்தேர்வாளரிடம் கையெழுத்து வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. ஆய்வாளர் ஆகப்போகிறவருக்கு இதில் ஓரளவு பயன் உண்டு. ஆலோசகருக்கோ "முடிவு" என்று நோட்டில் எழுதுகிற இடத்தில்தான் வேலையே தொடங்குகிறது. ஆகவே என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன். எந்தச் செய்முறையும் ஒரு வாக்கியத்தில் முடிய வேண்டும். அந்த வாக்கியம் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்திடம் தமிழில் வாய்விட்டுச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்த வாக்கியத்துக்குத்தான்.

இந்தத் தொழில் பிறந்த விதமும் இதை ஒட்டியதே. மரபியலாளர் ஷெல்டன் ரீட் 1947-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டைட் நிறுவனத்தில் இருந்தபோது, அதுவரை புழங்கிய "மரபுச் சுகாதாரம்" என்ற பெயர் யார் பிள்ளை பெறலாம், யார் பெறக்கூடாது என்று தீர்மானிக்க முனைந்த இனமேம்பாட்டு வாதத்தின் வாடையோடு இருந்ததால் அதைத் தள்ளிவிட்டு, "மரபணு ஆலோசனை" என்ற பெயரை முன்வைத்தார். 1969-ல் நியூயார்க் மாநிலத்தின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் இதற்கென்று முதல் முதுநிலைப் படிப்பு தொடங்கியது. எந்தத் தம்பதியும் எதைச் செய்ய வேண்டும் என்று ஆலோசகர் தீர்ப்புச் சொல்லக்கூடாது, தகவலைப் புரியவைத்து முடிவை அவர்களிடமே விடவேண்டும் என்ற கோட்பாடு அந்த விலகலிலிருந்து வளர்ந்தது. தகவலைப் புரியவைக்க வேண்டுமென்றால் தகவலின் குறைபாடும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலில் குரோமோசோம் வளர்ப்பு. மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள் என்று ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லேவனும் 1956-ல் வெளியிடும் வரை, உலகம் முழுவதும் பாடப்புத்தகங்கள் 48 என்றே சொல்லிக்கொண்டிருந்தன. கற்றறிந்தவர்கள் நுண்ணோக்கியில் பார்த்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் 48 என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். ஏனெனில் மாணவர்களும் முதல் நாள் 44, 45, 47 என்று எண்ணிக் காட்டுவார்கள். செய்முறை எளிதானதுதான். ஹெப்பாரின் குழாயில் எடுத்த இரத்தத்தை ஊட்ட ஊடகத்தில் இட்டு, செல்களைப் பிரியத் தூண்டும் பைட்டோஹீமாக்ளூட்டினின் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வளர்க்க வேண்டும். பிறகு கோல்சிசினால் செல் பிரிவதை நடுவில் நிறுத்தி, நீர்த்த பொட்டாசியம் குளோரைடில் செல்லை உப்பச் செய்து, மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைப்படுத்தி, சிலைடில் துளித்துளியாக விட வேண்டும். டிரிப்சினும் கீம்சா சாயமும் பட்டைகளைக் காட்டித் தரும். துளி விடும்போது காற்றின் ஈரப்பதம் குரோமோசோம்கள் விரிவதைக் கெடுக்கும். சென்னையில் மழைக்காலத்தில் இந்தச் செய்முறையை வைப்பவருக்குப் பொறுமை அதிகம் வேண்டும்.

இந்த வகுப்பில் நான் வேண்டுமென்றே ஒரு மாதிரியை ஈ.டி.டி.ஏ. குழாயில் எடுத்து வளர்க்கச் சொல்வேன். அது டி.என்.ஏ. எடுப்பதற்கு உரிய குழாய், செல் வளர்ப்புக்கு உரியது அல்ல. வளர்ச்சி மோசமாக இருக்கும், சில வேளை எதுவுமே கிடைக்காது. வெளியூரிலிருந்து பேருந்தில் வந்த ஒரு தாயிடம் இரண்டு வாரம் கழித்து "மறுபடி இரத்தம் தர வேண்டும்" என்று தொலைபேசியில் சொல்லப் போகிறவர் ஆலோசகர்தான். ஹெப்பாரின் குழாயின் பச்சை மூடிக்கும் ஈ.டி.டி.ஏ. குழாயின் ஊதா மூடிக்கும் உள்ள வேறுபாடு அப்போது அற்ப விஷயமாக இராது.

பிறகு எண்ணிக்கை. வழக்கமாக இருபது செல்களை எண்ணுவார்கள். இருபதும் சரியாக இருந்தால், 14 சதவீதமோ அதற்கு மேலோ கலந்திருக்கும் மொசைக் நிலையை (சில செல்களில் மட்டும் குரோமோசோம் மாறியிருப்பதை) 95 சதவீத உறுதியோடு விலக்கலாம். அதைவிடக் குறைவான கலப்பு தப்பிவிடக்கூடும். 0.86-ஐ இருபது முறை பெருக்கிப் பார்க்கச் சொன்னால் மாணவர்களே இதைக் கண்டுகொள்வார்கள். "இயல்பான குரோமோசோம்கள்" என்ற இரண்டு சொற்களுக்குள் இந்தக் கணக்கு ஒளிந்திருக்கிறது. டவுன் நோய்க்குறியின் அறிக்கையைக் கையில் கொடுக்கும்போதும் இதே கவனம் தேவை. 21-ஆவது குரோமோசோம் தனியாக மூன்று இருந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம், அல்லது தாயின் வயதுக்குரிய வாய்ப்பு, இரண்டில் எது அதிகமோ அது. 14-உம் 21-உம் ஒட்டிக்கொண்ட இடமாற்ற வகை என்றால் பெற்றோர் இருவரின் குரோமோசோம்களையும் பார்த்தாக வேண்டும். அந்த ஒட்டு தாயிடம் இருந்தால் வாய்ப்பு 10 முதல் 15 சதவீதம், தந்தையிடம் இருந்தால் ஒரு சதவீதத்தை ஒட்டியது, 21-உம் 21-உம் ஒட்டியிருந்தாலோ பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அதே நோய்க்குறிதான். மூன்று குழந்தைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பார்கள். "பார்த்தாலே தெரிகிறதே, பரிசோதனை எதற்கு" என்று குழந்தை மருத்துவர் விட்டுவிட்ட குடும்பங்களைச் சந்திக்கப் போகிறவர்களுக்கு இந்த வேறுபாட்டைக் கத்தரிக்கோலும் பசையும் கொண்டு குரோமோசோம் படங்களை வெட்டி ஒட்டவைத்தே கற்பிக்கிறேன். கணினி நிரல் நொடியில் அடுக்கித் தந்துவிடும். ஆனால் அது அடுக்கித் தந்ததை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாணவர்களின் சொந்த இரத்தத்தை இந்த வகுப்பில் பயன்படுத்த நான் அனுமதிப்பதில்லை. பல இடங்களில் அது வழக்கம், செலவும் மிச்சம். ஆனால் இருபது வயதுப் பிள்ளை ஒருவர் தன் எதிர்காலக் கருவுறுதலைப் பற்றிய ஒரு செய்தியை, முன்னறிவிப்பும் ஒப்புதலும் இல்லாமல், வகுப்புத் தோழர்கள் சூழ நிற்கையில் நுண்ணோக்கியில் கண்டுகொள்ளும் நிலையை உண்டாக்கிவிட்டு, அடுத்த மணி நேரத்தில் ஒப்புதலின் முக்கியத்துவம் பற்றிப் பாடம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆய்வகத்தைவிட அதிக நேரத்தை நான் செலவிடுவது காகிதத்தோடும் பென்சிலோடும்: குடும்ப வரைபடம், ஆய்வக வழக்கில் பெடிகிரி. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோயுள்ளவருக்கு நிரப்பிய குறி, உறவுக்குள் திருமணம் என்றால் இரட்டைக் கோடு என்ற மரபை அமெரிக்காவின் மரபணு ஆலோசகர்களின் தேசியச் சங்கம் 1995-ல் முறைப்படுத்தி வெளியிட்டது. குறிகளை அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். தமிழ்க் குடும்பம் ஒன்றை அந்தக் குறிகளுக்குள் கொண்டுவருவதற்குத்தான் மாதக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது.

டுஷேன் தசைச் சிதைவு நோயை எடுத்துக்கொள்வோம். நோய்க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தாய்வழியாக ஆண்பிள்ளைகளுக்கு வருகிறது. பெண் ஒருத்தி வந்து, "என் மகனுக்கு இது, என் தம்பிக்கும் இதேதான் இருந்தது" என்கிறாள். வெளிநாட்டுப் பாடநூலின் கணக்குப்படி அவளும் அவள் தாயும் உறுதியாக நோய்க் கடத்திகள், அதாவது தமக்கு நோயில்லாமல் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்கள். ஆனால் நம் வழக்கில் உடன்பிறந்தவனும் தம்பி, சின்னம்மா மகனும் தம்பி, சித்தப்பா மகனும் தம்பி. சின்னம்மா மகன் என்றால் கோடு பாட்டி வழியாக ஓடுகிறது. அந்தப் பெண்ணும் தாயும் கடத்திகள் என்ற முடிவு அப்படியே நிற்கும், பாட்டியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சித்தப்பா மகன் என்றால் அந்த நோய் அவள் தாய்வழியில் வந்ததே அல்ல. தந்தையும் நோயற்றவர் என்பதால் அவர் வழியாகவும் அது அவளுக்கு வந்திருக்க முடியாது. இரண்டு நோயும் ஒன்றுதானா என்பதையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு சொல்லைக் கேட்டுவிட்டுச் சதுரம் போட்டுவிட்ட மாணவர் முழுக் கணக்கையும் தலைகீழாக்கிவிடுவார். "உங்க அம்மா வயித்துல பிறந்தவரா?" என்ற ஒரு கேள்வியை மரியாதையோடும் கூச்சமில்லாமலும் கேட்கப் பழகுவதே அன்றைய செய்முறை. இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளையும் தத்தெடுத்த பிள்ளைகளையும் இந்தக் கேள்விதான் வெளிக்கொண்டுவரும். அதனாலேயே சுற்றிலும் உறவினர்கள் இருக்கும்போது அதைக் கேட்கக்கூடாது.

தாய்மாமனுக்கு அக்காள் மகளைக் கட்டிக்கொடுத்த குடும்பம் வந்தால் சிக்கல் இன்னொன்று. வரைபட நிரல்கள் ஒரு தலைமுறையை ஒரே மட்டத்தில் வரையவே பழகியவை. இங்கே கணவன் ஒரு மட்டத்திலும் மனைவி அதற்கு அடுத்த மட்டத்திலும் இருக்கிறார்கள். இரட்டைக் கோடு சாய்ந்துதான் ஓடும். கணவனின் பெற்றோரே மனைவியின் தாத்தா பாட்டி. இந்தத் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தையின் உட்கலப்புக் குணகம், அதாவது ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே முன்னோரின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு, எட்டில் ஒன்று. அத்தை மகளையோ மாமன் மகளையோ மணந்தவர்களின் குழந்தைக்குப் பதினாறில் ஒன்று. இந்தப் பின்னங்களை மனப்பாடமாகச் சொல்ல வேண்டாம், கோடுகளைத் தொட்டுத் தொட்டு எண்ணி வரவேண்டும் என்பேன். பொது முன்னோர் ஒருவரிடம் ஓர் ஒடுங்கு மரபணு (இரண்டு பிரதியும் பழுதானால்தான் நோய் தருவது) இருந்தால், அது இரண்டு வழியாகவும் இறங்கிவந்து ஒரே குழந்தையில் சேரும் வாய்ப்பு மாமன்–மருமகள் மணத்தில் 32-ல் ஒன்று, அத்தை மகள் மணத்தில் 64-ல் ஒன்று.

இங்கேதான் மாணவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குவதைப் பார்க்கிறேன். நகரத்தில் வளர்ந்தவர்கள் சொந்தத்தில் திருமணம் என்றதும் முகத்தைச் சுளிக்கிறார்கள். கேட்கும் குரலிலேயே குற்றச்சாட்டு ஏறிவிடுகிறது. அத்தை மகள், மாமன் மகள் திருமணத்தில் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு, எல்லாத் தம்பதிகளுக்கும் உள்ள சுமார் மூன்று சதவீதத்துக்கு மேல் இரண்டு முதல் மூன்று சதவீதம் வரையே கூடுகிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தொண்ணூறுக்கும் மேற்பட்ட விழுக்காட்டினருக்கு நலமான குழந்தைதான் பிறக்கிறது. வேறு சிலரோ, தம்பதி "சொந்தமில்லை" என்று சொன்னதும் ஒற்றைக் கோட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே சமூகம், பக்கத்துப் பக்கத்து ஊர், பாட்டிமார் இருவருக்கும் ஒரே பிறந்த ஊர் என்றால் மூன்று தலைமுறைக்கு மேலே கோடுகள் சேர்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும். பூர்வீக ஊரைக் கேட்பது எந்தக் குடும்பத்தையும் புண்படுத்தாத கேள்வி. பெரியவர்கள் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். நான் கண்டவரை அது மற்ற கேள்விகளைவிட அதிகம் தருகிறது.

கணக்குகளில் நான் தவறாமல் தருவது முதுகுத்தண்டுத் தசை நலிவு நோய் பற்றியது. ஒரு குடும்பத்தில் இந்நோயால் ஒரு குழந்தை இறந்துவிட்டது. நலமாக வளர்ந்த அண்ணனுக்குப் பெண் பார்க்கிறார்கள். அவன் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. உறவில்லாத பெண்ணை மணந்தால், மக்களிடையே ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர் கடத்தி என்று வைத்துக்கொண்டு, குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 300-ல் ஒன்று. அத்தை மகளை மணந்தால் 24-ல் ஒன்று. கணக்கைப் போட்டு முடித்ததும் சில மாணவர்கள் "அத்தை மகள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்" என்பார்கள். அது ஆலோசகரின் வேலை அல்ல. அவனுக்கும் அவளுக்கும் கடத்திச் சோதனை செய்தால் இந்தப் பின்னங்கள் கலைந்து, அநேகமாகத் தெளிவான விடை கிடைத்துவிடும் என்பதைச் சொல்வதுதான் வேலை. அநேகமாக என்று ஏன் சொல்கிறேன் என்பதற்கு எம்.எல்.பி.ஏ. என்ற மரபணுச் சோதனையின் செய்முறை வருகிறது. அந்தச் சோதனை இந்நோய்க்குரிய எஸ்.எம்.என்.1 மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்றுதான் எண்ணும். இரண்டும் ஒரே குரோமோசோமில் இருந்து மறு குரோமோசோம் வெறுமையாக இருந்தாலும் அதற்கு இரண்டு என்றே தெரியும். இப்படிப்பட்ட மறைந்த கடத்திகள் சிறு பகுதியினர்தான். ஆனாலும் "வாய்ப்பு மிகவும் குறைந்துவிட்டது" என்ற வாக்கியம் சரியானது, "வாய்ப்பே இல்லை" என்பது தவறானது.

புதிய தகவல் வந்ததும் பழைய வாய்ப்பைத் திருத்திக் கணக்கிடும் பேயஸ் தேற்றத்தைப் பார்த்ததும் முகம் வெளிறுகிறவர்களுக்கு ஒரு குடும்பத்தைத் தந்தால் தெளிந்துவிடும். தாய் உறுதியான டுஷேன் கடத்தி. மகள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அந்த மகளுக்கு மூன்று ஆண்பிள்ளைகள் நோயின்றி வளர்ந்துவிட்டார்கள். இப்போது வாய்ப்பு என்ன? கடத்தியாக இருந்தும் மூவரும் தப்பியிருக்க எட்டில் ஒரு வாய்ப்பு. கடத்தி இல்லை என்றால் மூவரும் நலமாக இருப்பது உறுதி. இரண்டையும் நிறுத்துப் பார்த்தால் ஒன்பதில் ஒன்று. இரண்டில் ஒன்று என்று பயந்துகொண்டிருந்தவரிடம் ஒன்பதில் ஒன்று என்று சொல்லலாம். சொல்லும்போது, மரபணுச் சோதனை கிடைக்குமானால் இந்தக் கணக்குக்கே அவசியமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதே கணக்குத்தான் தாயின் இரத்தத்தில் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் சோதனைக்கும். தனியார் விளம்பரங்களில் "99 சதவீதத் துல்லியம்" என்று வருகிறது. நோயுள்ளவர்களில் 99 சதவீதத்தைப் பிடிக்கும், நோயற்றவர்களில் ஆயிரத்தில் ஒருவரைத் தவறாகக் காட்டும் ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு, முன்வாய்ப்பு (சோதனைக்கு முன்பே உள்ள வாய்ப்பு) ஆயிரத்தில் ஒன்றாக இருக்கும் இளம் தாய்மார் ஒரு லட்சம் பேருக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். சரியாகப் பிடிபட்டவர் 99 பேர், தவறாகக் காட்டப்பட்டவர் ஏறத்தாழ 100 பேர். அதாவது "உண்டு" என்று வந்தவர்களில் பாதிப் பேருக்கு இல்லை. முன்வாய்ப்பு நூறில் ஒன்றாக உள்ள நாற்பது வயதை ஒட்டிய தாய்மாருக்கு அதே சோதனை "உண்டு" என்று சொல்வது 91 சதவீதம் சரியாக வரும். இந்தப் பயிற்சியில் வகுப்பு சில நிமிடங்கள் நம்பாமல் கால்குலேட்டரையே பார்த்துக்கொண்டிருக்கும். பனிக்குட நீர்ச் சோதனை செய்து உறுதிப்படுத்தாமல் கருவைக் கலைக்கும் முடிவுக்குப் போக வேண்டாம் என்று ஒரு பெண்ணிடம் அவர்கள் திடமாகச் சொல்ல, அந்த நிமிடங்கள் பின்னால் உதவுகின்றன.

இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் செய்முறையை விரைவாக முடித்துவிடுவேன். அதன் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும். ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகையின் அளவு 3.5 சதவீதத்துக்கு மேலே போனால் பீட்டா தலசீமியா கடத்தி என ஐயுற வேண்டும், இரும்புச்சத்துக் குறைவு அந்த அளவைக் கீழே இழுத்து ஏமாற்றக்கூடும், ஏ2 பகுதியில் 25, 30 என்று வந்தால் அது ஏ2 அல்ல, ஹீமோகுளோபின் ஈ என்ற வேறு வகை, அண்மையில் இரத்தம் ஏற்றியவரின் வரைபடம் இரத்தம் கொடுத்தவரையும் சேர்த்தே காட்டும். அரிவாள் செல் நோய்க்கு மட்டும் கொஞ்சம் நிற்பேன். இந்தியாவில் அது முதன்முதலாக 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடையேதான் லேமன், கட்புஷ் என்ற இருவரால் கண்டறியப்பட்டது. 2023-ல் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தின்கீழ் இன்று பழங்குடிப் பகுதிகளில் பெருந்தொகையானவர்களுக்குப் பரிசோதனை நடக்கிறது. பரிசோதனை செய்வது எளிது. கடத்தி என்ற அட்டையைக் கையில் வாங்கிய பதினாறு வயதுப் பெண்ணிடம், நீ நோயாளி அல்ல, உனக்குத் திருமணத் தடை எதுவும் இல்லை, மணக்கப் போகிறவரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று அவளுடைய பேச்சுமொழியில் சொல்லக்கூடியவர் எத்தனை பேர் என்பதுதான் என் கவலை.

மரபணு வரிசை அறிக்கையைப் படிக்கும் பயிற்சி இப்போதைய மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது, கணினி முன்னால் உட்காரலாம் என்பதால். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி ஒரு மாற்றத்தை நோய் தருவதிலிருந்து தீங்கற்றது வரை ஐந்து படிகளில் வைப்பார்கள். நடுப்படி "பொருள் தெளிவற்றது". மக்களிடையே அரிதாக இருப்பது நோய் தருவதற்கு ஒரு சான்றாகக் கொள்ளப்படும். யாரிடையே அரிது என்று கேட்க வைப்பதற்கு மதுரை ஆய்வு ஒன்றை எடுத்துக்கொள்வேன். இதயத் தசைப் புரத மரபணுவான எம்.ஒய்.பி.பி.சி.3-இல் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்ட ஒரு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் நான்கு சதவீதத்தினரிடம் இருப்பதையும் இதயத் தசை நோயோடு அதற்குள்ள தொடர்பையும், மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் இடம்பெற்ற குழு 2009-ல் வெளியிட்டது. ஐரோப்பியர்களிடம் அது அநேகமாக இல்லை. ஐரோப்பியத் தரவை மட்டும் பார்க்கிறவருக்கு அது மிக அரிய மாற்றம்; நமக்கோ ஒரு நகரப் பேருந்தில் இரண்டு மூன்று பேரிடம் இருக்கக்கூடியது. அதைச் சுமப்பவர்களில் பலர் நோயின்றியே இருக்கிறார்கள் என்பதால், தனித்து அது எவ்வளவு தீங்கானது என்ற விவாதமும் பின்னால் எழுந்தது. தரவுத்தளத்தில் தெற்காசியருக்கான பத்தியைப் பார்க்காமல் எந்த அறிக்கைக்கும் விளக்கம் எழுதக்கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம். பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதிகளைக் கொண்ட ஜீனோம் இந்தியா தரவு 2025-ல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டிருப்பதால் இந்தப் பயிற்சி இனி இன்னும் சுவையாகும்.

சட்டம் செய்முறையில் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. கட்டாயம் வரும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தைச் சொல்வது குற்றம். கருவின் குரோமோசோம் படத்தைப் பயிற்சிக்குத் தரும்போது எக்ஸ், ஒய் குரோமோசோம்களை மறைத்துவிட்டே தருகிறேன், கைப்பழக்கம் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பதற்காக. 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்துக்கு நாட்காட்டிப் பயிற்சி ஒன்று இருக்கிறது: இருபதாவது வார ஸ்கேனில் இதயக் குறை தெரிந்து ஒரு தம்பதி வருகிறார்கள், பனிக்குட நீர் எடுக்க, செல் வளர, அறிக்கை வர எத்தனை நாள் ஆகும், 24-ஆவது வாரம் எந்தத் தேதியில் முடிகிறது, அதற்கு மேல் மருத்துவக் குழுவை நாட வேண்டுமானால் எங்கே போக வேண்டும், தீபாவளி விடுமுறை நடுவில் வருகிறதா. இந்தக் கேள்விகளை முன்கூட்டியே யோசிக்காத ஆலோசகரின் இனிமையான பேச்சால் அந்தத் தம்பதிக்குப் பயன் இல்லை.

நடிப்புப் பயிற்சிக்கு வெட்கப்படாதவர் குறைவு. ஒருவர் மாமியார், ஒருவர் கணவர், ஒருவர் வாயே திறக்காத மனைவி. "எங்க வம்சத்துல இது கிடையாதுங்க, இவ வந்த பிறகுதான்" என்று மாமியார் தொடங்கினால் ஆலோசகர் வேடமிட்டவருக்கு நாக்கு உலர்ந்துவிடும். ஒடுங்கு மரபணு என்றால் இரு பக்கத்திலிருந்தும் வந்தே ஆகவேண்டும் என்ற செய்தி அப்போது மருந்தாகும். எக்ஸ் குரோமோசோம் நோயில் அந்த மருந்தும் கிடையாது. தாயிடமிருந்து வந்தது என்பதை யார் முன்னிலையில், எப்படி, எப்போது சொல்வது என்று யோசிக்க வேண்டும், தனியாகச் சந்திக்க ஒரு நேரம் கேட்க வேண்டும். டுஷேன் நோயுற்ற ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது புதிதாகத் தோன்றிய மாற்றமாகவே இருக்கும் என்பதால், தாயைச் சோதிக்கும் முன்பே பழியை அவர்மீது வைப்பது அறிவியலின்படியும் தவறு.

கணவர் வேடத்துக்கு நான் எழுதிக்கொடுக்கும் வசனம் ஒன்று: "நாலுல ஒண்ணுன்னு சொல்றீங்க, ஏற்கெனவே ஒண்ணு இப்படிப் பொறந்துடுச்சு, அப்போ அடுத்த மூணும் நல்லா இருக்கும்தானே?" இதற்குச் சொற்களால் விளக்கம் சொல்லத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் மூழ்கிவிடுவார்கள். தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகள் இரண்டை மேசையில் வைத்திருக்கிறேன். ஒன்று அப்பா தருவது, ஒன்று அம்மா தருவது. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் நோய். உருட்டியதைத் திரும்பவும் கையில் எடுக்கும்போது, போன முறை என்ன விழுந்தது என்று கொட்டைக்குத் தெரியாது என்பதைத் தம்பதி தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். தேய்த்த கொட்டை சரிபாதியாக விழுவதில்லை என்று ஒரு மாணவி நூறு முறை உருட்டிக் கணக்கோடு வந்து வாதாடினாள். அவள் சொன்னது சரி. அவளுக்கு இரண்டு நாணயங்களைக் கொடுத்துவிட்டு, கிராமத்துப் பாட்டிகள் வரும்போது கொட்டையே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

மருத்துவமனையில் மூத்தவர் ஒருவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் நேரம்தான் நம்மிடம் மிகவும் குறைவு. நம் நாட்டில் மருத்துவ மரபியல் துறை முறையாக நடக்கும் மருத்துவமனைகள், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி போன்றவை, விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே இருக்கின்றன. 2019-ல் ஒன்றிய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறை தொடங்கிய உம்மீத் திட்டம் அரசு மருத்துவமனைகளில் நோயறி மையங்களை ஏற்படுத்தி மருத்துவர்களுக்குப் பயிற்சி தருகிறது. ஆலோசகர்களுக்கும் அதே அளவு இடங்கள் அங்கே வேண்டும். வெளிநாடுகளில் மாணவர் ஒருவர் தேர்வு எழுதுவதற்கு முன் கண்காணிப்பின்கீழ் குறிப்பிட்ட எண்ணிக்கையில் குடும்பங்களைத் தானே சந்தித்துப் பதிவேட்டில் எழுதியிருக்க வேண்டும். இங்கே சான்றிதழ்ப் படிப்பு என்ற பெயரில் முழுக்க இணையவழியில் நடத்தப்படும் சிலவற்றில் ஒரு குடும்பத்தைக்கூடப் பார்க்காமல் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆண்டின் கடைசிச் செய்முறை ஒரு கடிதம். குடும்பத்துக்கு எழுதித் தரும் இரண்டு பக்கக் கடிதம், தமிழில். என்ன நோய், எந்தச் சோதனை, என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, அடுத்த கர்ப்பத்தில் எந்த வாரத்தில் வரவேண்டும், குடும்பத்தில் வேறு யாருக்குச் சோதனை பயன்படும், "பொருள் தெளிவற்றது" என்று வந்த மாற்றத்தைப் பற்றி எத்தனை ஆண்டு கழித்து மறுபடி கேட்க வேண்டும். ஆங்கிலத்தில் அழகாக எழுதுகிறவர்கள் இங்கே தடுமாறுவார்கள். முதல் வரைவில் பாடநூல் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். எட்டாம் வகுப்பு படித்த ஒருவரிடம் அதைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லக் கேட்டு, பிழைபட்ட இடத்தைத் திருத்தி எழுத வேண்டும். எங்கள் கட்டடத்தின் காவலர் ஒருவரும் சிற்றுண்டிக் கடை நடத்தும் அக்காவும் இதற்கு உதவுகிறார்கள், கடிதங்கள் எல்லாம் கற்பனைக் குடும்பங்களுக்கானவை என்பதால். சென்ற முறை அந்த அக்கா ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு, "எல்லாம் புரியுது, ஆனா இந்தப் பொண்ணோட தங்கச்சி இதை எடுத்துக்கிட்டு எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு எழுதலியே" என்றார். அந்த வரி இப்போது எங்கள் மதிப்பெண் பட்டியலில் தனியாக ஐந்து மதிப்பெண் பெறுகிறது.